பிரீதரின் மேல் நான் அடித்த பெயிண்ட்

வில்லிவாக்கம், சென்னை 49
மாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். நடுவில் அம்மா வாங்கிக்கொண்டாள், எனக்கும் பேச்சு வரவில்லை. எழுதினால்தான் சரியாக வரும்.

நம் ஜீப்பின் பின் ஆக்சிலை இறக்கி, முழுக்கப் பிரித்து, திரும்பப் பூட்டிவிட்டேன். பெயிண்டும் அடித்தாயிற்று. ஆனால் அதைச் சொல்ல மட்டும் இந்தக் கடிதம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நீ ஜீப்பை எடுத்துக்கொண்டு தாம்பரம் பக்கம் முடிச்சூர் போய் வந்த பிறகு நான் உன்னைப் பேசிய பேச்சு உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. அது தப்பு என்று இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன். என்ன பார்த்தேன் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

பொங்கல் முடிந்த வாரம் வேலையைத் தொடங்கினேன். சேசிஸுக்கு அடியில் நாலு பக்கமும் கட்டை கொடுத்துவிட்டு, ஆக்சிலைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளை இரண்டு நாள் டீசலில் ஊறவிட்டேன். அப்படியும் இரண்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சக்கரம் மாட்டுகிற ஹப்தான் பெரிய வேலை. நம் சிஜே 3பி ஜீப்பில் ஆக்சில் ஷாஃப்டின் நுனி கூம்பாக இருக்கும், சாவி போட்டு ஹப் அதன் மேல் இறுகி உட்கார்ந்திருக்கும். இழுத்துக் கழற்றுகிற புல்லர் இல்லாமல் அசையாது. நட்டை முழுதும் கழற்றாமல் நுனியில் விட்டுவைத்து (இல்லாவிட்டால் ஹப் தெறித்து ஆளை அடிக்கும்), புல்லரை முடிந்த மட்டும் இறுக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். விடியற்காலை நாலரைக்கு டங்கென்று ஒரு சத்தம். அம்மா திருடன் என்று பயந்து எழுந்துவிட்டாள். ஹப் கழன்றிருந்தது.

ஆக்சிலின் பின் கவரைத் திறந்தால், அடியில் காபிக் கசடு மாதிரி சேறு. உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலும், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் நன்றாகவே இருந்தன. பல்லைத் துடைத்து எண்ணிப் பார்த்தேன், 43-க்கு 8. அதாவது சக்கரம் ஒரு சுற்று வர, கியர்பாக்ஸ் பக்கமிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஐந்தே கால் சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். அந்த ஜீப் மேட்டில் அப்படி இழுப்பதற்கு அதுதான் காரணம். நீ சின்ன வயதில் கேட்டபோது எனக்குச் சரியாக விளக்கத் தெரியவில்லை.

பேரிங்குகள்தான் போயிருந்தன. கப்பின், அதாவது பேரிங்கின் வெளி வளையத்தின், உள்பக்கம் வரிவரியாகத் துருக்கோடு. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே, ஒரு ரோலருக்கும் அடுத்த ரோலருக்கும் உள்ள அதே இடைவெளி. ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். வீல் ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் பேரிங் பார்த்தவனுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஓடுகிற வண்டியில் அப்படிக் கோடு விழாது. தண்ணீர் கலந்த ஆயிலோடு வண்டி ஒரே இடத்தில் நின்றால்தான் விழும். நீ வந்த அன்று ராத்திரியே "ஆயிலை இறக்கிடலாம்ப்பா" என்றாய். எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். கோபத்தில் அந்தப் பக்கமே போகாமல் ஆறு வாரம் விட்டுவிட்டேன். பொங்கல் எல்லாம் கழிந்து நான் இறக்கியபோது மோர் மாதிரி வந்தது. அந்தக் கோடுகள் அந்த ஆறு வாரத்தில் விழுந்தவை.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. பெர்த்திலிருந்து உன் வண்டிப் படம் அனுப்பினாயே, டிஃப் பிரீதர் (ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் வழி) குழாயை என்ஜின் பக்கம் வரை மேலே ஏற்றியிருப்பதாக? அதைப் பார்த்த பிறகுதான் நம் ஆக்சிலில் பிரீதர் எங்கே என்று தேடினேன். டியூபின் மேல், சின்னக் காளான் மாதிரி ஒரு மூடி. கையால் திருகினால் சுற்றவில்லை. தின்னரில் ஊறப்போட்டேன். சாம்பல் நிறத்தில் தோல் தோலாக உரிந்து வந்தது. இரண்டு கோட். 2012-இல் நான் அடித்த பெயிண்ட். ஒரு சுத்தமும் பார்க்காமல் ஆக்சிலோடு சேர்த்து அதன் மேலும் அடித்து, காற்றுப் போகிற வழியையே அடைத்திருக்கிறேன்.

வண்டி ஓடும்போது உள்ளே ஆயிலும் காற்றும் சூடாகும். பிரீதர் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். பெயிண்ட் அடித்த மூன்றாம் மாதமே பினியன் சீல் கசிந்தது. இரண்டு தடவை மாற்றினேன், சீல் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டினேன். அப்புறம் அந்த டிசம்பர். இங்கிருந்து தாம்பரம் வரை ஓட்டிச் சூடேறிய ஆக்சில், முழங்காலுக்குக் கீழே நின்ற குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. பிரீதர் திறந்திருந்தால், தண்ணீருக்கு மேலே இருந்த அதன் வழியாகக் காற்று போயிருக்கும். அது அடைத்திருந்ததால், ஏற்கெனவே தளர்ந்துபோன சீல்கள் வழியாகத் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. ஆயில் சீலின் உதடு உள்ளே இருப்பதை வெளியே விடாமல் பிடிக்கத்தான். வெளியே இருப்பதை அவ்வளவு நன்றாகத் தடுக்காது.

நீ அளவு பார்த்துத்தான் தண்ணீரில் இறக்கினாய். அன்றைக்கே சொன்னாய். பால் பவுடரும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு, போன் கூட வேலை செய்யாத அந்த நாளில் நீ செய்த காரியத்தை ஒரு வார்த்தை மெச்சாமல், "என் வண்டியை நாசம் பண்ணிட்டே" என்றேன். அம்மா முன்னால், உன் நண்பர்கள் முன்னால். நாசம் பண்ணியது நான்தான் பாப்பா. அடைத்ததும் நான், ஆறு வாரம் விட்டதும் நான். என்னை மன்னித்துவிடு.

சரி, மீதி வேலையைச் சொல்கிறேன், உனக்குக் கேட்கப் பிடிக்கும்.

பேரிங்கும் சீலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாக வாங்கினேன். பின் கவர் துரு அரித்து மெலிந்திருந்தது, அதற்குப் புதுப்பேட்டையில் ஒரு முழு நாள் அலைந்து நல்ல பழசு ஒன்று பிடித்தேன். கிரௌன் பினியனையும் மாற்றச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடி. நல்ல ஜோடியைப் பிரிக்கக் கூடாது.

புது பேரிங் போட்டால் பினியன் நிற்கும் ஆழம் மாறலாம் என்பதால் எல்லாவற்றையும் புதிதாக செட் பண்ணினேன். நம் ஆக்சிலில் ஷிம், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு, பேரிங்குக்கு உள்பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பேரிங்கைப் பிடுங்கினால் அதுவே கெட்டுவிடும். பழசின் அளவை நம்ப முடியாது என்று ஒரு ஜோடி பேரிங் கூடுதலாக வாங்கி, பாடியில் லேத் பட்டறையில் கொடுத்து, கையால் போட்டுக் கையால் எடுக்கிற மாதிரி உள்வட்டத்தை லேசாகக் கடைந்து வாங்கிக்கொண்டேன். சோதனைக்கு அது, கடைசியில் பூட்டப் புதுசு. பல்லில் நீல மை தடவிச் சுற்றிப் பார்த்தால் முதல் தடவை தடம் பல்லின் அடியில் விழுந்தது. பினியன் அதிகமாக உள்ளே நிற்கிறது என்று அர்த்தம். மூன்று தௌ ஷிம் எடுத்தேன். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மூன்று தௌ கிட்டத்தட்ட ஒரு தலைமுடி கனம். அதற்கே தடம் நகர்ந்து பல்லின் நடுவுக்கு வந்துவிட்டது. பிறகு ஒரு பக்கத்து ஷிம்மை அடுத்த பக்கம் மாற்றி மாற்றி, டயல் கேஜில் பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் தளர்வு) ஆறு தௌ வரும்வரை விடவில்லை. நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் எனக்கு வயதே தெரியவில்லை.

பெயிண்டுக்கு இந்தத் தடவை அவசரப்படவில்லை. மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பார்கள், ஈர இரும்பின் மேல் அடித்தால் பிறகு பொரிந்துகொண்டு வரும். காலையில் பனி விலகி வெயில் ஏறிய பிறகு வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு நீக்கும் ஆசிட் தடவிக் கழுவி, காயவைத்து, தின்னரால் துடைத்து, அன்று மதியத்துக்குள் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட்டேன். நம் ஊர்க் காற்றில் பளபளக்கும் இரும்பை ராத்திரிக்கு விட்டால் காலையில் மஞ்சளாகிவிடும். குழியெல்லாம் நிரம்ப வேண்டும் என்று பிரைமரை ஸ்பிரே அடிக்காமல் பிரஷ்ஷால் இழுத்தேன். மேலே இரண்டு கோட் சாம்பல் எனாமல். எல்லாரும் ஆக்சிலுக்குக் கறுப்புதான் அடிப்பார்கள். கறுப்பில் கசிவு தெரியாது. சாம்பலில் ஒரு சொட்டு வந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

பிரீதரை முன்னாலேயே கழற்றி, அந்தத் துளையில் ஒரு போல்ட்டைத் திருகிவைத்துத்தான் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன்.

கியர் ஆயில் 90 ஊற்றி, இரண்டு வாரமாக ஐயப்பன்தாங்கல் வரை தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். முன்பு வந்த ஊளைச் சத்தம் இல்லை, கசிவும் இல்லை. 500 கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை ஒரு தடவை மாற்றிவிடுவேன்.

பழைய பிரீதரை உரிந்த பெயிண்டோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். சித்திரையில் நீ வரும்போது காட்டுகிறேன். இப்போதைக்கு அந்த இடத்தில் ஒரு நிப்பிள் போட்டு, உன் வண்டி மாதிரியே பெட்ரோல் ஹோஸை மேலே ஏற்றலாம் என்று இருக்கிறேன். ஆக்சில் முழுக்கக் கீழே தொங்கும்போது குழாய் இழுபடாமல் இருக்க எவ்வளவு நீளம் தளர்வாக விட்டிருக்கிறார்கள், மேல் நுனியை எங்கே கட்டியிருக்கிறார்கள்? பார்த்து எழுது. நீ சொல்கிறபடியே செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா