மூளைப் படமும் அதன் கீழிருந்த குறிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான மூளை ஆய்வுக் கட்டுரையுடன், கரும் பின்னணியில் பச்சைப் புள்ளிகள் மின்னும் படம் ஒன்று அச்சாகி, அதன் கீழே "உயிருள்ள மூளையில் ஓடும் மின்சாரம்" என்ற குறிப்பும் இடம்பெற்றிருந்தது. கட்டுரை தெளிவாகவும் பொறுப்பாகவும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதன் நடுவே ஒரு வரியில் சொல்லியிருப்பதுபோல, அந்தப் படம் கால்சியத்துக்கு ஒளிரும் சாயத்தைக் கொண்டு எடுக்கப்பட்டது. செல்லின் மின்னழுத்தத்தை அது நேராகக் காட்டுவதில்லை. மருத்துவக் கல்லூரியில் 31 ஆண்டுகள் உடலியங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்த வேறுபாட்டை விளக்க இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

என்னை எழுதத் தூண்டியவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அம்மையார். அவருடைய கணவர் சீரற்ற இதயத் துடிப்புக்குச் சிகிச்சை பெற்றுவருகிறார். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவந்து, "சார், இந்தச் சாயத்தை ஊசியில் ஏற்றினால் அவருக்குக் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடுமா?" என்று கேட்டார். ஒரு படக்குறிப்பை ஒருவர் எவ்வளவு நம்பிக்கையோடு படிக்கிறார் என்பதை அப்போது உணர்ந்தேன்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் போர்த்தியிருக்கும் சவ்வின் தடிமன் சுமார் 4 நானோமீட்டர். ஓய்ந்திருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். கேட்பதற்கு இது அற்பமான எண்தான். ஆனால் அத்தனை மெல்லிய சவ்வின் குறுக்கே நிற்பதால், அங்குள்ள மின்புலம் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டைத் தாண்டுகிறது. காற்றில் மின்பொறி தெறிக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும் என்பதை நினைத்துப் பார்த்தால், சவ்வுக்குள் போய் உட்காரும் ஒரு சாய மூலக்கூறு எப்பேர்ப்பட்ட புலத்தில் இருக்கிறது என்பது விளங்கும். சவ்வின் மின்னழுத்தம் மாறும்போது ஒளி மாறும் மின்னழுத்தச் சாயங்களில் ஒரு முக்கியமான வகை இதை வைத்தே இயங்குகிறது. ஒளியை உறிஞ்சும் கணத்தில் மூலக்கூறின் ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோக்கி மின்னேற்றம் நகர்கிறது. சுற்றியுள்ள மின்புலம் அந்த நகர்வுக்குத் துணை செய்கிறதா, தடையாக நிற்கிறதா என்பதைப் பொறுத்து, அது உறிஞ்சும் நிறமும் உமிழும் நிறமும் மிகச் சிறிதளவு இடம்பெயர்கின்றன. நரம்புச் செல் துடிக்கும் ஒன்றிரண்டு மில்லிநொடியில் மின்னழுத்தம் ஏறத்தாழ 100 மில்லிவோல்ட் ஏறி இறங்கும்போது, சாயத்தின் ஒளியும் தாமதமின்றிக் கூடவே மாறுகிறது.

இதற்கு முன்பெல்லாம் மின்முனையைச் செல்லுக்குள் செருகித்தான் அளக்க வேண்டியிருந்தது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் வெளியிட்டு, 1963இல் நோபல் பரிசு பெற்ற ஆய்வுகளை ஊசிக் கணவாயின் நரம்பிழையில் செய்ததற்குக் காரணம், அது அரை மில்லிமீட்டர் வரையும் அதற்கு மேலும் பருத்து, கம்பியை உள்ளே நுழைக்க இடம்கொடுத்ததே. நம் மூளையிலுள்ள நியூரானின், அதாவது நரம்புச் செல்லின், கிளைகளோ ஒரு மைக்ரோமீட்டர் அளவில் மெலிந்தவை. கண்ணாடி ஊசியால் ஒரு செல்லைத் தொடலாம், திறமையிருந்தால் சிலவற்றைத் தொடலாம். நூறு செல்கள் ஒன்றோடொன்று பேசுவதை அப்படிக் கேட்க முடியாது. 1968இல் இச்சிஜி டசாக்கியின் குழு, சாயமேற்றிய நரம்பு துடிக்கும்போது அதன் ஒளிர்வு மாறுவதைக் கண்டது. 1973இல் லாரன்ஸ் கோஹன், பிரையன் சால்ஸ்பெர்க் உள்ளிட்டோர் மெரோசயனின் 540 என்ற சாயத்தைக் கொண்டு, அட்டையின் நரம்பு முடிச்சில் தனித்தனி நியூரான்களின் துடிப்பை ஒளியாலேயே பதிவு செய்தனர். அதன்பின் கோஹனும் அவருடைய சகாக்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாயங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். இத்துறையின் வரலாற்றில் என் மதிப்புக்கு மிகவும் உரியது அந்தப் பொறுமையான உழைப்புதான்.

அத்தனை உழைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் கால்சியத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது. தொடக்கக் காலச் சாயங்களில் ஒரு துடிப்புக்கு ஒளி மாறும் அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் இருந்தது. ஒளி துகள்துகளாக வருவது. 100 ஃபோட்டான்களை எண்ணினால் 10 கூடுவதோ குறைவதோ இயற்கை, 10 லட்சம் எண்ணினால் 1,000 கூடுவதோ குறைவதோ இயற்கை. ஆகவே ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தை இந்த இயற்கைத் தடுமாற்றத்திலிருந்து பிரித்தறிய, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபோட்டான்களை ஒரே மில்லிநொடிக்குள், அதுவும் ஒரு செல்லின் மெல்லிய சவ்வில் ஒட்டியிருக்கும் சொற்பச் சாயத்திலிருந்து சேகரிக்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டினால் சாயம் வெளிறிவிடும். அதைவிட மோசமாக, ஒளிபட்ட சாயம் வீரியமிக்க ஆக்சிஜனை உண்டாக்கி, எந்தச் செல்லைப் பார்க்க விரும்பினோமோ அதையே கொன்றுவிடும். லெஸ்லி லோவின் ஆய்வகத்தில் உருவான டை-4-அனெப்ஸ் போன்ற சாயங்கள் 100 மில்லிவோல்ட்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு ஒளி மாற்றத்தைத் தருமளவுக்கு முன்னேறிய பிறகும், இந்த இழுபறி முற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

கால்சியச் சாயத்துக்கு இந்த நெருக்கடி இல்லை. ரோஜர் சியென்னும் அவருடைய சகாக்களும் 1985இல் வெளியிட்ட ஃபூரா-2 என்ற கால்சியச் சாயம், அதற்குப் பின் வந்த, கால்சியத்தை ஒளியால் காட்டும் புரதங்கள் ஆகியவை செல்லின் உட்பகுதி முழுவதும் நிறைந்திருப்பதால் நிறைய ஒளி தருகின்றன. செல் துடித்த பிறகு உள்ளே புகும் கால்சியம் வெளியேற நூற்றுக்கணக்கான மில்லிநொடிகள் பிடிப்பதால், கேமராவும் நிதானமாகப் படமெடுக்கலாம். தங்கள் படத்தின் பளிச்சென்ற அழகுக்குக் காரணம் இதுவே. ஆனால் அது மின் நிகழ்வின் விளைவு, நிகழ்வு முடிந்த பிறகும் நீடிக்கும் தடம். மணி அடித்து ஓய்ந்த பின்னும் காதில் நிற்கும் ரீங்காரத்தை வைத்து, எத்தனை முறை அடித்தார்கள், எந்த இடைவெளியில் அடித்தார்கள் என்று ஊகிப்பது போன்றது அது. ஒரு நியூரானைத் துடிக்கவிடாமல் அடக்கும் சமிக்ஞைகளும், துடிப்பின் விளிம்புவரை ஏறி அடங்கும் சிற்றலைகளும் கால்சியப் படத்தில் பெரும்பாலும் தெரிவதே இல்லை. மூளையின் கணக்கில் கணிசமான பகுதி நடப்பது அங்கேதான் என்பதால் இதைச் சிறு பிழையாகக் கருத என்னால் இயலவில்லை. 2019இல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வகத்திலிருந்து வெளிவந்த வோல்ட்ரான், செயற்கைச் சாயத்தையும் மின்னழுத்தத்தை உணரும் புரதத்தையும் இணைத்து, உயிருள்ள எலியின் மூளையில் துடிப்பையும் அதற்குக் கீழுள்ள அசைவையும் காட்டியது. தங்கள் குறிப்பு அத்தகைய படத்துக்குப் பொருந்தியிருக்கும். (அதில் காணும் நிறங்களும் பெரும்பாலும் கணினி பூசுபவையே, கேமரா பதிவது வெளிச்சத்தின் அளவை மட்டும்.)

அம்மையாரின் கேள்விக்கு வருகிறேன். இதயத்துக்கும் மின்னழுத்தச் சாயங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1976இல் சலாமாவும் மொராதும் இதயத் தசையின் மின் துடிப்பை மெரோசயனின் 540 மூலம் பதிவு செய்தனர். 1992இல் ஹொசே ஹாலிஃபேயின் குழு, தனியே எடுக்கப்பட்ட இதயத் தசையில் மின்னலை ஓரிடத்தைச் சுற்றிச் சுழல்வதைச் சாயத்தின் ஒளியில் கண்டது. சில ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் இத்தகைய சுழல்களால் நேர்கின்றன என்ற புரிதல் வலுப்பட அது பெரிதும் உதவியது. ஆனால் அந்தச் சோதனைகள் உடலிலிருந்து எடுக்கப்பட்ட விலங்குத் திசுவில் நடந்தவை. மார்புக்கூட்டைத் தாண்டி அந்த ஒளி வெளிவராது. இதயம் அசைந்தாலே பதிவு குழம்பிவிடும் என்பதால், இப்போது அத்தகைய சோதனைகளில் மருந்து கொடுத்துத் தசையின் சுருக்கத்தையே நிறுத்திவிடுவதும் வழக்கம். கண் மருத்துவர்கள் பல்லாண்டுகளாக ஊசியில் ஏற்றிவரும் இண்டோசயனின் கிரீன், மின்னழுத்த மாற்றத்தையும் உணரக்கூடியது என்று 2014இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெசானியா குழு காட்டியது உண்மையே. எனினும் ஊசியில் ஏற்றும் அச்சாயம் இரத்தப் புரதங்களோடு பிணைந்து நாளங்களுக்குள்ளேயே சுற்றுவதால், அதைக் கொண்டு அவருடைய கணவரின் இதயத்தைப் படமெடுக்க இன்று வழியில்லை. அவருக்கு வேண்டியவை இ.சி.ஜி.யும் இதய மருத்துவர் பரிந்துரைக்கும் மற்றப் பரிசோதனைகளுமே என்று சொல்லி அனுப்பினேன்.

ஆனாலும் இந்தச் சாயத்தால் அவருக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை, இதயச் செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வழிகளை அடைத்து உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறை உண்டாக்கியதால் 1990களில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இன்று மனிதத் தண்டுச் செல்களிலிருந்து வளர்த்த இதயச் செல்களில் மின்னழுத்தச் சாயமேற்றி, புதிய மருந்து அவற்றின் துடிப்பை நீட்டுகிறதா என்று மனிதருக்குக் கொடுக்கும் முன்பே பார்க்க முடிகிறது. அவர் வீட்டு மாத்திரைப் பெட்டிக்கு நாளை வரும் ஏதோ ஒரு மருந்து அப்படிச் சோதிக்கப்பட்டதாக இருக்கலாம் என்றபோது, கத்தரித்த அந்தத் தாளை அவர் மடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

ஆகவே, வரும் அறிவியல் பக்கத்தில் அந்தப் படக்குறிப்பை "நரம்புச் செல்கள் துடித்த பின் அவற்றில் உயரும் கால்சியத்தைக் காட்டும் படம்" என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி இத்தகைய படங்களை அச்சிடும்போது, எந்தச் சாயம், எந்த உயிரியின் திசு, நிறங்கள் கணினியில் சேர்த்தவையா என்ற மூன்று விவரங்களையும் குறிப்பிலேயே ஒரு வரியாகச் சேர்த்தால், என்னைப் போன்ற ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தை அப்படியே வகுப்பறைக்கு எடுத்துச் செல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் பேராசிரியர்,
மதுரை