யராவியின் வாலை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை மேடைகளில் இப்போது தென்னமெரிக்க நாட்டார் பாடல்களும் ஏறுகின்றன. நல்லது. ஆனால் பெரு மலைநாட்டுப் பிரிவுப் பாட்டான யராவியை எடுப்பவர்கள், அதை நமது ஒப்பாரிக்குத் தங்கை என்று நினைத்து, இழுத்துப் பாடி அழுகையிலேயே முடித்துவிடுகிறார்கள். யராவி ஓய்ந்த கையோடு 'ஃபூகா' என்று வேகமான வைனோ ஆட்டம் தொடங்குவது அங்கே வழக்கம். காதலி போய்விட்டாள் என்று புலம்பிய அதே வாய்க்கு, கால் தாளம் போடும். நேரம் போதாது என்று இங்கே வெட்டுப்படுவது அந்த வால்தான்.

வைனோ கடினமல்ல. இரண்டு அடித் தாளம். ஒவ்வோர் அடிக்கும் நாலு மாத்திரை. 'தா' இரண்டு, 'கி' ஒன்று, 'ட' ஒன்று: தா–கிட, தா–கிட. மிருதங்கக்காரர் பழக்கதோஷத்தில் இதைத் 'தகிட, தகிட' என்று மூன்று சம பங்காக்கிவிட்டால் முதல் அடியின் அழுத்தம் கரைந்து, ஆட்டம் தாலாட்டாகிவிடும்.

மெட்டு பெரும்பாலும் ஐந்து சுரம். சுத்த தன்யாசி ராகம் தெரிந்தவர் பாதி தூரம் வந்துவிட்டார். மீதிப் பாதியில்தான் சிக்கல். இடையில் மெட்டு காந்தாரத்தில் போய்க் குந்தும். அதைச் சட்சமாக, அதாவது ஆதார சுரமாகக் கொண்டால் அதே சுரங்கள் மோகன ராகமாகிவிடும். சோகத்துக்குள் திடீரென வெளிச்சம் அடிப்பது அந்த இடத்தில்தான். பிறகு பழைய சட்சத்துக்கு இறங்கி முடியும். சுருதிப்பெட்டி ஒரே சட்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இந்தத் திருப்பம் காதில் விழாது. நிறுத்திவிடுங்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகமும் வேண்டாம், சுரத்துக்குச் சுரம் ஒரு சிறு வழுக்கல் போதும்.

அறிவிப்பாளர்களுக்கும் ஒன்று. எல்லாவற்றையும் 'பெயர் தெரியாத ஆதிப் பாடல்' என்று சொல்லாதீர்கள். யராவிக்குப் பேர்போன, பெருவின் அரெக்கிப்பா நகரக் கவிஞர் மரியானோ மெல்கார், 'சில்வியா' என்று பாட்டில் அழைத்த பெண்ணுக்காக உருகியவர். 1815இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான உமச்சிரிப் போரில் பிடிபட்டு, 24 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கதையாகவே சொல்ல வேண்டுமானால் 'மன்ச்சாய் புயிட்டு' என்ற பழங்கதை இருக்கிறது: பாதிரியார் ஒருவர் இறந்துபோன காதலியின் கால் எலும்பில் கேனாக் குழல் செய்து, மண்குடத்துக்குள் வைத்து ஊதினாராம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு இராவணன் தாயின் ஈமக்கடன் கதை சொல்லும் ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேடையில் செய்து காட்டுவதானால் பானையின் இரு பக்கமும் கை நுழையத் துளை வேண்டும். ஒலிவாங்கியைப் பானை வாய்க்கு மேலே பிடியுங்கள், ஊதுபவரின் உதட்டருகே அல்ல. அங்கே மூச்சுச் சத்தம்தான் கேட்கும்.

இங்ஙனம்,
நாட்டார் இசை ஆர்வலர்கள்,
திருகோணமலை.