தறப்பாள் விரித்தவருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

நேற்று இரவு ஸ்காபரோவில் பெய்த மழை உங்கள் வீட்டுக் கூரையிலும் அடித்திருக்கும். அந்த மழை முழுவதும் நான், காரில் இழுத்துக்கொண்டு போய்த் தங்கும் அப்பாவின் கேம்பிங் ட்ரெயிலருக்குள் டோர்ச்சோடு இருந்தேன். முன் யன்னலுக்குக் கீழே, கட்டில் மூலையில், கூரையும் சுவரும் சேரும் விளிம்பில் என்று ஒவ்வோர் இடமாகத் தடவிப் பார்த்தேன். விடியும்வரை ஒரு துளி இறங்கவில்லை. காய்ந்த கையோடு வந்து இதை எழுதுகிறேன்.

மழைத் தண்ணீர் இறங்கி ட்ரெயிலரின் சுவர்ச் சட்டங்கள் உக்கிப்போன கதையைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. மே மாதம் நான் அனுப்பிய படங்களைப் பார்த்து "இதை விட்டுவிடு" என்று சொன்னவர்களே, அடுத்த சனிக்கிழமை கையுறையோடு வந்து நின்றீர்கள். சுவரின் அலுமினியத் தகட்டிலிருந்து துருப்பிடித்த ஸ்குரூக்களையும் ஸ்டேப்பிள்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிய மச்சான்மாருக்கும் பெடியளுக்கும், ஈரம் உறிஞ்சும் மெஷினை மூன்று கிழமை எங்களிடமே விட்டுவைத்த பெரியம்மா வீட்டுக்கும், மெத்தைகளுக்குப் புது உறை தைத்துத் தந்த அன்ரிக்கும், வேலை செய்தவர்களுக்குப் புட்டும் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டு நன்றி கேட்காமல் போனவர்களுக்கும் நன்றி. ஹார்ட்வெயர் கடையில் ஒரு தங்கச்சி ஓட்டை அடைக்க நான் எடுத்த ஆறு சிலிக்கோன் பசைக் குழாய்களையும் வாங்கித் திரும்ப அடுக்கினார். சிலிக்கோன் பூசிய இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது, புதுச் சிலிக்கோன்கூட ஒட்டாது என்று சொல்லி, மூட்டுகளுக்குள் வைத்து அடைக்கும் பியூட்டில் டேப் என்ற ஒட்டு நாடா இருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். முன்பு காசு வாங்கிக்கொண்டு திருத்தியவர்கள் மேலால் பூசிவிட்டுப் போனதும் அதே சிலிக்கோன்தான். அதைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு நான்கு நாள் போனது.

ஓட்டையைக் கண்டுபிடித்த மருமகனைத் தனியாகச் சொல்ல வேண்டும். நனைந்தது கட்டில் மூலை என்பதால் நாங்கள் எல்லோரும் யன்னலையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவன் இலை ஊதும் மெஷினால் உள்ளே காற்றை அடைத்து, வெளியே எல்லா மூட்டுகளிலும் சவர்க்காரத் தண்ணீர் தெளிக்கச் சொன்னான். யன்னலில் ஒன்றும் இல்லை. மேலே, கூரை விளிம்பில் உள்ள சின்ன மஞ்சள் விளக்கின் அடியில் குமிழ் குமிழாக நுரை எழும்பியது. அங்கே புகுந்த தண்ணீர் சுவருக்குள் மரச்சட்டத்தின் வழியே நான்கு அடி இறங்கி, வேறோர் இடத்தில் முகம் காட்டியிருக்கிறது. குளிரில் அதே தண்ணீர் உறைந்து விரிந்து, வருடத்துக்கு வருடம் பிளவைப் பெரிதாக்கியிருக்கிறது.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தது ஜூன் மாதத்து ஓர் இரவு.

அன்று மாலைதான் உக்கிய சட்டங்களை அறுத்து எடுத்திருந்தோம். முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. மீதி மரத்தில் ஈரம் முப்பது வீதத்துக்கு மேல் இருந்து, இரண்டு கிழமை காயவிட்டு, பதின்மூன்றுக்கு வந்திருந்தது. மழை இல்லை என்று வானிலையில் சொன்னார்கள். மெல்லிய பிளாஸ்டிக் ஒன்றைப் போர்த்திவிட்டுப் போய்ப் படுத்தோம். அலுப்பில் இடி முழங்கியதுகூட எனக்குக் கேட்கவில்லை. ஐந்து மணிக்குக் கண் விழித்தபோது வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே ஓடினேன்.

ட்ரெயிலர் மேல் ஒரு பெரிய நீலத் தறப்பாள் விரித்திருந்தது. அது எங்களுடையது அல்ல.

அதை விரித்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அலுமினிய விளிம்பு கிழித்துவிடாமல் நான்கு மூலைக்கும் வெட்டிய டென்னிஸ் பந்துகள் வைத்திருந்தன. ஆணி ஒன்றும் இல்லை. ஓரங்களில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கேன்கள் பாரத்துக்குத் தொங்கின. தறப்பாள் மரத்தோடு ஒட்டாமல், இடையில் காற்றுப் போக, கீழே இரண்டு பலகைகள் முண்டு கொடுத்திருந்தன. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். மரம் காய்ந்தபடியே இருந்தது. அந்த மழைக்குள் நின்று அழுதேன்.

எதிர்வீட்டுக் கராஜ் வாசலில் ஓர் ஏணி ஈரமாகச் சாய்ந்திருந்தது. எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பெரியவரோடு ஆறு வருடத்தில் நாங்கள் கதைத்தது, பனி அள்ளும்போது கையசைத்தது மட்டும்தான். இரவு மூன்று மணிபோல் மழைக்கோட்டோடு யாரோ நிற்பதை அம்மா யன்னலால் பார்த்திருக்கிறார். நான்தான் என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிட்டாராம்.

தேத்தண்ணியோடு போய்க் கதவைத் தட்டினேன். எங்கள் மணியை அடித்திருக்கலாமே என்று கேட்டேன். பகல் முழுக்க வேலை செய்தவர்களை எழுப்ப மனம் வரவில்லை என்றார். அவரிடமும் ஒரு ட்ரெயிலர் இருந்ததாம். மனைவி நோயோடு இருந்த வருடம் கவனிக்க முடியாமல், இதே மாதிரித் தண்ணீர் இறங்கி, கடைசியில் உடைத்துக் கொடுக்க வேண்டி வந்ததாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா அந்தக் காலை நெடுநேரம் தறப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலம் தாண்டி வந்த பிறகு, தென்மராட்சியில் ஒரு தறப்பாளுக்குக் கீழேதான் எங்கள் குடும்பம் இருந்தது. அதையும் முன்பின் தெரியாத ஒருவர்தான் தந்தார். அவர் பெயர் அப்பாவுக்கு மட்டும் தெரியும். அப்பா இருந்தபோது நாங்கள் கேட்டு வைக்கவில்லை. "இந்த முறை பெயரைக் கேட்டு வை" என்றார் அம்மா. கேட்டுவிட்டேன். எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

இனி ஒவ்வோர் இளவேனிலும், பனி விழுவதற்கு முன்பும் ஏணி வைத்து ஏறி, கூரை மூட்டுகளில் சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று நானே பார்ப்பேன். எங்கள் தெருவில் யாருடைய கூரையாவது திறந்து கிடந்தால், மழை வருமா என்று வானிலையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். ஆகஸ்டில் அம்மாவைக் கில்பேர் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறோம். அப்பா வழக்கமாக நிறுத்தும் ஜோர்ஜியன் பே கரைக்கு. பெரியவரையும் கேட்டிருக்கிறோம். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

போன கிழமை தறப்பாளைக் கழுவி, காயவைத்து, மடித்து, டென்னிஸ் பந்துகளோடு அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலை அது எங்கள் ட்ரெயிலர் படியில் இருந்தது. கூடவே, கட்டுவதற்குப் புதுக் கயிறு ஒரு சுருள்.