தயிர்ச் சட்டியும் மூன்று சேர்வரும்

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, ஒரு சேர்வர்தான் காரணம். அந்தக் கதையைச் சொல்லாமல் வேறெதையும் எழுத எனக்கு மனம் வராது. வீட்டுப் புதினங்களைக் கடைசியில் பார்.

"மூன்று நோட்டை வைத்துக்கொண்டு எந்த விஎம் எதில் ஓடவேண்டும் என்று முடிவெடுக்க ஒரு சொஃப்ட்வெயாரா? கையாலேயே போடலாமே" என்று போனமுறை பகிடி பண்ணியிருந்தாய். (நோட் என்றால் ஒரு சேர்வர் பெட்டி, விஎம் என்றால் அதற்குள் ஓடுகிற மெய்நிகர்க் கணினி.) உனக்கென்ன, 2006இலிருந்து விஎம்வெயார் கம்பனியின் டிஆர்எஸ் என்ற வசதி அந்த வேலையைப் பார்க்கிறது, நீ தேத்தண்ணி குடிக்கிறாய். நாங்கள் புரொக்ஸ்மொக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளில் விஎம் ஓட்டுகிற ஆட்கள். அதிலும் ஒரு நோட் விழுந்தால் அதிலிருந்த விஎம்களை மற்ற நோட்களில் எழுப்பிவிடும் வசதி இருக்கிறது. டிஸ்க் எல்லாம் பொதுச் சேமிப்பில் இருப்பதால் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதை நம்பித்தான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அன்றைக்கு அடைமழை. இரவு பதினொன்றே முக்காலுக்கு முதலாவது நோட்டின் பவர் சப்ளை போய்விட்டது. போனில் செய்தி வந்தது, பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பச்சையாகிவிட்டது. "கெட்டிக்காரன்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் படுத்தேன். ஒன்றேகாலுக்கு மறுகா போன் அடித்தது. கணக்குப் பகுதி டேற்றாபேஸ் செத்துவிட்டது. எழும்பியது, பத்து நிமிடத்தில் மறுகாவும் செத்தது. மூன்று தரம் இப்படி.

கணக்கைக் கேள். ஒவ்வொரு நோட்டிலும் 128 ஜிபி றாம், மொத்தம் 384. முதல் நோட்டில் எட்டு விஎம், 84 ஜிபி. இரண்டாவதில் ஐந்தே ஐந்து, ஆனால் எல்லாம் மாடு மாதிரி, 104 ஜிபி. மூன்றாவதில் பன்னிரண்டு பொடியன்கள், 76 ஜிபி. கூட்டினால் 264. எழுபது வீதம்கூட இல்லை, தாராளமாக இடம் இருக்கிறது என்றுதான் மேலிடத்துக்கு அறிக்கை எழுதியிருந்தேன். ஒரு நோட் போனால் மிஞ்சுவது 256 என்று அந்த அறிக்கையை எழுதும்போது என் மண்டையில் ஏறவில்லை. விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுச் சேர்வர் அறையைப் பூட்டுகிற கவனம் இருந்தது, இந்தச் சின்னக் கழித்தல் வரவில்லை பார்.

ஆனால் 264ஐ 256இல் திணித்ததுகூடப் பெரிய பிழையில்லை. நாலு பரிசோதனை விஎம்மை நிற்பாட்டியிருந்தால் சரி. பிழை அடுத்ததில் இருந்தது. புரொக்ஸ்மொக்ஸில் இயல்பாக இருக்கும் முறை விஎம்களின் தலையைத்தான் எண்ணும். எந்த நோட்டில் விஎம் குறைவோ அங்கே அனுப்பும். ஐந்தா, பன்னிரண்டா? ஐந்துதான் குறைவு. எட்டில் ஏழைத் தூக்கி, ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருந்த இரண்டாவது நோட்டின் தலையில் போட்டது.

அப்போ ஏன் உடனே விழவில்லை என்று நீ கேட்பாய். விஎம் தொடங்கும்போது தன் றாம் முழுவதையும் கையில் வாங்குவதில்லை. தேவைப்படத் தேவைப்படத்தான் எடுக்கும். எட்டுப் பேருக்குப் போதுமானதை வைத்துக்கொண்டு பத்துப் பேரிடம் தருகிறேன் என்று சொன்ன மாதிரி. எல்லோரும் கேட்டு வரும்வரை முதலாளி நல்லவர். ஒன்றேகாலுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். நோட்டை இயக்குகிற லினக்ஸ் கேர்னல் யாரையாவது கொன்றால்தான் மற்றவர்கள் பிழைக்கலாம் என்ற நிலை. அது பெரும்பாலும் அதிகம் றாம் தின்பவனைத்தான் பிடிக்கும். யார் அது? டேற்றாபேஸ். ஊருக்கு வேண்டியவனைத் தேடிப்பிடித்துக் கொல்லுகிற நியாயம். அதுவும் போகட்டும், அதன் நகலாவது ஓடியிருக்க வேண்டுமே? நகல் முதல் நோட்டில் இருந்தது. ஏழோடு ஏழாக அதுவும் இரண்டாவதுக்கே வந்து, பக்கத்தில் இருந்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

என் மாமா கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து தயிர் ஏற்றி வருவாரே, நினைவிருக்கா? வானில் முதலில் பெரிய சட்டிகளை அடுக்குவார், மறுகா இடைவெளிக்குள் சின்னச் சட்டிகள். சின்னதை முதலில் வைத்தால் பெரிசுக்கு இடம் வராது என்பார். கணினிக்காரர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்து, உச்சமான விடை காண்பது மிகக் கடினம் என்று நிறுவியும் இருக்கிறார்கள். பெரியதிலிருந்து தொடங்கினால் மோசம் போகாது என்பதும் அவர்கள் கணக்கு. எங்கள் பாடு கொஞ்சம் கூடச் சிக்கல். சட்டிக்கு ஒரு அளவு, விஎம்முக்கு றாமும் சிபியுவும் என்று இரண்டு அளவு. அதைவிட, மாமாவின் சட்டிகளுக்குள் சண்டை சச்சரவு இல்லை.

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்றால், தலை எண்ணும் முறையை விட்டுவிட்டு, விஎம்முக்கு எழுதிக்கொடுத்த றாமையும் சிபியுவையும் பார்க்கும் முறைக்கு மாற்றினேன். உண்மையில் எவ்வளவு தின்கிறது என்பதை அது பார்க்காது, எழுதிக்கொடுத்ததைத்தான் பார்க்கும். எனக்கு அது போதும். டேற்றாபேஸும் நகலும் ஒரே நோட்டில் இருக்கக்கூடாது என்ற விதியையும் போட்டேன். புரொக்ஸ்மொக்ஸின் 9ஆம் பதிப்பில் அந்த வசதி வந்துவிட்டது. பரிசோதனை விஎம்கள் இனி விழுந்தால் விழுந்ததுதான், தானாக எழும்பா.

மறுகா ஆசை விடவில்லை, புரொக்ஸ்எல்பியையும் போட்டுப் பார்த்தேன். உண்மையான பாவனையைப் பார்த்து ஓடுகிற விஎம்களை இடம் மாற்றும் திறந்த மூலக் கருவி அது. நல்லகாலம், முதலில் ஒத்திகையாக ஓட்டினேன். ஒன்பது இடமாற்றம் சொன்னது! அதில் ஆறு, வெறும் இரண்டு மூன்று வீத வித்தியாசத்துக்காக. எங்கள் நெற்வேர்க் ஒரு கிகாபிட். 32 ஜிபி விஎம்மை நகர்த்தவே ஐந்து நிமிடம். நகரும்போதே அது றாமில் எழுதிக்கொண்டிருந்தால், எழுதிய பகுதிகளை மறுகா மறுகா கொப்பி பண்ணவேண்டும். நாங்கள் அனுப்புவதைவிட வேகமாக அது எழுதினால் பயணம் முடிவதே சந்தேகம். ஆகவே நோட்களுக்கிடையே பெரிய வித்தியாசம் வந்தால் மட்டும் வாய் திற என்று அளவைக் கூட்டிவிட்டு, அது சொல்வதை நான் பார்த்துக் கையால் செய்கிறேன். நீ சொன்ன இடத்துக்கே வந்துவிட்டேன் என்று சிரிக்காதே.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே, ஆனால் கோயிலுக்கு நடக்கிறா. மூத்தவள் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் எல்லோரையும் ஆட்டிவைக்கிறாள். பழைய பாலத்தில் பின்னேரம் நடக்கப் போகிற பழக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஊர்க்கதைப்படி வாவியில் மீன் பாடுகிறதா என்று காது கொடுக்கிற பழக்கம்தான் போய்விட்டது.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருவேன் என்றாயே, உண்மைதானே? வந்தால் ஒரு உதவி. இரண்டு வாயில் உள்ள பத்து கிகாபிட் நெற்வேர்க் கார்ட் மூன்று கொழும்பில் பழையதாக எடுத்துவிட்டேன். சுவிட்ச் வாங்கக் காசில்லை, ஒவ்வொரு நோட்டையும் மற்ற இரண்டோடும் நேராகவே இணைக்கப் போகிறேன். அதற்கு மூன்று கேபிள் வேண்டும், இங்கே சொல்கிற விலை அநியாயம். இரண்டு மீற்றர் போதும். பெட்டியில் சொக்லேற்றுக்குக் கீழே வை.

உன் மச்சான்