தண்ணீர் வடிந்த பிறகுதான் வந்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் காப்பீட்டுக் கட்டுரையில், 'இடர் மேலாண்மையில் நம் நிறுவனங்கள் ஐரோப்பாவை நெருங்கிவிட்டன' என்று ஒரு வரி. எந்தப் பக்கத்திலிருந்து நெருங்கினார்களோ, எங்கள் தெரு வழியாக யாரும் போகவில்லை.

எனக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை. 2015 டிசம்பரில் அடையாறு உள்ளே வந்து இரண்டு லேத்தும் மூழ்கின. தண்ணீர் வடிந்து பத்தொன்பதாம் நாள், நட்டத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். ஷூவில் சேறு படாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "ஸ்டாக் ரெஜிஸ்டர் எங்கே?" என்றார். கொடியில் காயப்போட்டிருந்த நோட்டைக் காட்டினேன். பாலிசியில் இயந்திரத்தின் மதிப்பைக் குறைத்துப் போட்டிருக்கிறேனாம். மதிப்பு குறைந்த விகிதத்திலேயே நட்டத் தொகையையும் வெட்டுகிற 'ஆவரேஜ்' என்று ஒரு கணக்கு வந்து, கேட்டதில் பாதியைக்கூடத் தரவில்லை. சரி, பாலிசியில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பை எழுதியது நானா? ஏஜென்ட் பைக் டேங்க் மேல் படிவத்தை வைத்து, போன வருடத் தொகையையே எழுதிக்கொண்டு போனார். ஆறு எவ்வளவு தூரம், பட்டறைத் தரை ரோட்டைவிட எத்தனை அடி பள்ளம் என்று கேட்கவில்லை. வெள்ளத்துக்கு அடுத்த வருடம் புதுப்பித்தபோதும் கேட்கவில்லை. 2023 மிக்ஜாம் புயலில் மறுபடியும் முழங்கால் தண்ணீர். கிளெய்ம் போட மனசு வரவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? ஐரோப்பாவில் 2016-இல் நடைமுறைக்கு வந்த சால்வன்சி 2 என்ற காப்பீட்டு விதிப்படி, இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய நட்டம் இந்த வருடமே வந்தாலும் தாங்குகிற மூலதனம் அங்கே கையில் இருக்க வேண்டும். தன் ஆபத்துகளை நிறுவனமே எடைபோட வேண்டும்; நிதிநிலையை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிட வேண்டும். இங்கே ஆயுள் அல்லாத பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எவ்வளவு மூலதனம் வேண்டும் என்பதற்கு, பிரீமியத்தில் இத்தனை சதவீதம், கிளெய்மில் இத்தனை சதவீதம் என்று ஒரு வாய்ப்பாடு. அதில் வருவதுபோல ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். அந்த ஒன்றரைக்கே மூச்சு வாங்கிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களுக்கு 2019-20 முதல் மூன்று ஆண்டுகளில் அரசு 17,450 கோடி ரூபாய் மூலதனம் போட்டது. அதாவது, பிரீமியமும் நான் கட்டினேன், வரியும் நான் கட்டினேன்.

ஒவ்வொரு நிறுவனத்திலும் இடர் மேலாண்மைக் குழு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வைக்கச் சொல்லியிருக்கிறது. கூட்டத்தில் பிஸ்கட்டும் கொடுப்பார்கள்.

ஐரோப்பாவில் 2018 முதல், பாலிசி எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று இரண்டு பக்கத் தாள் ஒன்றை அந்தந்த ஊர் மொழியிலேயே கொடுத்தாக வேண்டும். என் பாலிசி நாற்பத்திரண்டு பக்கம், ஆங்கிலம்.

இதையெல்லாம் 2016-லேயே உங்களுக்கு எழுதினேன். நாலு வரி போட்டு, பக்கத்திலேயே ஒரு காப்பீட்டு விளம்பரமும் போட்டீர்கள். தப்பில்லை, பத்திரிகை நடக்க வேண்டுமே.

இந்த 'ஆவரேஜ்' கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று கால் பக்கம் தமிழில் போடுங்கள். எனக்குப் பிரீமியம் கட்ட வேண்டிய நாள் மார்ச் 28. அதற்கு முன்னால் வந்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர்,
ஈக்காட்டுத்தாங்கல், சென்னை.