படகில் சிலிண்டர் தொங்கினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உல்லாசப் படகின் தீப் பாதுகாப்பு என்றாலே பேச்சு தீயணைப்பு சிலிண்டரோடு நின்றுவிடுகிறது. அது தொங்குகிறதா, தேதி முடியவில்லையா, சோதனை முடிந்தது. ஆனால் எஞ்சின் படகுக்குள்ளேயே பொருத்தப்பட்ட பெட்ரோல் படகில், பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் அடிக்குழியில், அதாவது படகின் அடித்தளத்துப் பள்ளத்தில் கிடக்கிறது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. சாலையில் கசிந்தால் காற்றோடு கலைந்துவிடும்; படகில் போக வழியின்றித் தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆகவே சாவியைத் திருப்புமுன் குறைந்தது 4 நிமிடமாவது புளோயர், அதாவது அந்த ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி, ஓட வேண்டும். ஓடினால் மட்டும் போதாது. அதன் உறிஞ்சுகுழாயின் நுனி அடிக்குழிக்குள், தேங்கும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். கிளாம்ப் கழன்று குழாய் மேலே தொங்கினால் புளோயர் நல்ல காற்றைத்தான் வெளியே தள்ளும். சத்தம் கேட்பதால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வோம். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை.

இன்னொரு விபரீத சிக்கனம், கார் ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ படகில் மாட்டுவது. போல்ட் பொருந்தும், எஞ்சினும் ஓடும். ஆனால் உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி செய்த அமைப்பு படகுக்கான பாகத்தில்தான் உண்டு.

கையில் தூக்கும் டேங்கைப் படகில் வைத்து நிரப்பக் கூடாது; கரையில் தரைமீது வைத்து, பம்ப் முனை டேங்க் வாயைத் தொட்டபடி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் நிலைமின்சாரம் பொறி கிளப்பும்.

இனி சிலிண்டர். ஒரு கிலோ பவுடர் சுமார் பத்து விநாடிகளில் தீர்ந்துவிடும். எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டினால், தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஓட்டுபவர் கைக்கெட்டும் இடமே சரி. பெட்டிக்குள் புகை வந்தால் மூடியைத் தூக்கிப் பார்க்கத்தான் கை போகும். அதைச் செய்யவே கூடாது. புதுக்காற்று கிடைத்ததும் தீ முகத்தில் பாயும். மூடியிலோ பக்கவாட்டிலோ முன்கூட்டியே ஒரு துளை வைத்து, சிலிண்டர் முனையை அதில் செருகி அடிக்கலாம். அதற்குமுன் எஞ்சின், புளோயர், பெட்ரோல் வால்வு மூன்றும் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்துவதற்குள், பின்பக்கம் எரிந்தால் படகின் முகப்பைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிவிடுங்கள். புகையும் தணலும் ஆட்கள் பக்கம் வராது.

இதற்கிடையில் அனைவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்தாக வேண்டும். படகில் பேசும் வானொலிக் கருவி (விஎச்எஃப்) இருந்தால், ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில் முதல் நிமிடத்திலேயே உதவிக்கு அழைக்க வேண்டும். பேட்டரி வயர் எரிந்தபின் அது பேசாது.

அடுத்த முறை சோதனைக்கு வருபவர்கள், சிலிண்டரின் தேதியைப் பார்த்த கையோடு எஞ்சின் மூடியையும் திறந்து, புளோயர் குழாயின் நுனி எங்கே கிடக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் பராமரிப்பாளர்கள்