நோட்டுடன் வந்த அம்மாவுக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

எங்கள் பல்கலைக்கழக நீர் ஆய்வு மையத்தை மூடப் போவதில்லை. நேற்று மாலை கடிதம் கைக்கு வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை, விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கணினித் தரவுகள் அழிந்ததும் மையத்தை மூடும் பேச்சு எழுந்ததும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவற்றை மறுபடி கிளற மனமில்லை.

முதலில் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் கணினித் தரவுகள் அழிந்த மூன்றாம் நாள் ஆய்வக வாசலில் வந்து நின்றார். கையில் அட்டை கிழிந்த ஒரு நோட்டு. பதினொரு ஆண்டுகளாகத் தம் தெருக் கைப்பம்புத் தண்ணீரை மாதந்தோறும் குப்பியில் பிடித்து வந்து கொடுத்தவர் அவர். நாங்கள் வாய்வழியாகச் சொன்ன ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு அளவுகளை ஒன்று விடாமல் தேதியிட்டு எழுதி வைத்திருந்தார். "உங்களுக்குப் பயன்படுமா, பாருங்கள்" என்றார். அவ்வளவுதான்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பம்பு எந்தெந்தக் கோடையில் அந்த வரம்பைத் தாண்டியது, மழைக்குப் பின் எவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. எங்கள் கோப்புகளில் இடமே இல்லாத செய்திகளும் ஓரங்களில் இருந்தன: 'நேற்று நல்ல மழை', 'தண்ணீரில் துரு வாடை'. ஓர் ஆண்டு இரும்பின் அளவு திடீரென்று ஏறியதற்கு எங்கள் மாணவர் ஒருவர் ஆறு மாதம் பாறைகளில் காரணம் தேடினார். பம்புக்குப் பழைய இரும்புக் குழாய் பொருத்திய நாள் அந்த நோட்டில் ஒரே வரியில் இருந்தது. அந்த அம்மாவிடம் நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அமெரிக்காவின் பிளின்ட் நகரக் குடிநீரில் ஈயம் கலந்திருந்ததை 2015இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்ததை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்வேன். அந்த ஆய்வுக்குத் தம் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தவர்கள் அந்நகரத்து மக்களே. இத்தனை நாளும் அதைப் பல்கலைக்கழகத்தின் கதையாகவே சொல்லி வந்திருக்கிறேன். இனி குப்பி பிடித்தவர்களிலிருந்து தொடங்குவேன்.

மையத்தை மூடக் கூடாது என்று கையெழுத்திட்ட ஆசிரியர்கள், தேர்வு நேரத்திலும் இரவிரவாக எண்களைத் தட்டச்சு செய்த மாணவர்கள், ஊதியம் நின்றபோதும் கருவிகளை ஒருநாள் தவறாமல் அளவுதிருத்தம் செய்த ஆய்வக உதவியாளர்கள், தங்களிடமிருந்த பழைய அறிக்கைகளைத் தேடி அனுப்பிய பள்ளிகள், முன்னாள் மாணவர்கள்: உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் நன்றியும்.

ஒரு வாக்குறுதி. இனி தண்ணீர் கொண்டு வரும் ஒவ்வொருவர் கையிலும் முடிவைத் தாளில் எழுதிக் கொடுப்போம், அதன் பொருளையும் உட்கார வைத்து விளக்குவோம். எங்கள் பதிவேட்டில் 'கொண்டு வந்தவர் சொன்னது' என்று ஒரு புதுக் கட்டமும் இருக்கும்.

அம்மா, உங்கள் நோட்டைப் படியெடுத்துவிட்டோம். அடுத்த குப்பியோடு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கடைசிப் பக்கமும் நிரம்பிவிட்டது. புது நோட்டு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.